மோர் மட்டும் போதும்

வலித்தால் இடது கையைத் தூக்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர் நஸீமா. பேசக் கூடாது, தலையை ஆட்டக் கூடாது, கை மட்டும். கீழ்க் கடைவாய்ப் பல்லை அறுத்து எடுக்க ஊசி போட்டாகிவிட்டது. கீழுதட்டில் பாதி இருக்கிறதா இல்லையா என்று தெரியவில்லை, நாக்கால் தொட்டுப் பார்த்தால் நாக்கிலும் பாதியைக் காணோம். நாற்காலியைச் சாய்த்து என்னைப் படுக்க வைத்திருக்கிறார்கள். விளக்கு நேராக முகத்தில் அடிக்கிறது. எச்சிலை உறிஞ்சும் குழாயை என் வாயோரத்தில் மாட்டிவிட்டு நர்ஸ் ஜெசிந்தா தலைமாட்டில் நிற்கிறாள், அவளுடைய முழங்கை மட்டும் தெரிகிறது. என் செல்போன் அவள் பக்கத்து மேஜையில் இருக்கிறது. பதினொரு மணிக்குச் சென்னையிலிருந்து ரத்தினசபாபதி கூப்பிடுவார். என் பதிப்பாளர். அவர் கேட்கப்போவது ஒரே கேள்வி. நேற்றும் அதைத்தான் கேட்டார், முந்தாநாளும் அதைத்தான் கேட்டார். "செத்தது ஆம்பளையா பொம்பளையா, வைத்தியலிங்கம்? அதை மட்டும் சொல்லுங்க. ஆர்ட்டிஸ்ட் சும்மா உக்காந்திருக்கான்." மாத நாவல் தொழிலில் அட்டைதான் முதலில், கதை அப்புறம். பிணம் எப்படிக் கிடக்கிறது என்று தெரிந்தால் அட்டை வரைந்துவிடலாம். அட்டை வந்துவிட்டால் விளம்பரம் போட்டுவிடலாம். விளம்பரம் போட்டுவிட்டால் எழுதுகிறவன் எழுதித்தானே ஆகவேண்டும். எட்டுப் புத்தகத்துக்கும் அவர் கேட்டு வாய் மூடுவதற்குள் நான் சொல்லியிருக்கிறேன். ஆண், நாற்பது வயது, தொப்பை, தண்ணீர்த் தொட்டிக்குள் குப்புற. பெண், கழுத்தில் டேப், மடியில் தைக்காத ஜாக்கெட். இப்போது இரண்டு நாளாகப் பார்க்கலாம் என்கிறேன். இன்று பதினொரு மணிக்கும் பார்க்கலாம் என்றால் என் மரகதம் மெஸ் நாவல் வரிசை ஒன்பதோடு நிற்கும், அல்லது அவர் மனதில் வைத்திருக்கும் வேறொரு பையன் எழுதுவான். "உங்க பேர்லயே எழுதுவான், கவலைப்படாதீங்க" என்றார். ஆறுதல் சொல்வதாக அவருக்கு நினைப்பு.

"ஒன்பதாவது படிச்சேன் சார்" என்கிறார் டாக்டர். முகத்தில் மாஸ்க் இருப்பதால் கண் மட்டும் பேசுகிறது. எனக்கு வாய் திறந்திருக்கிறது, பேச வழியில்லை. ஆ என்று ஒரு சத்தம் கொடுத்தேன். "காலேஜ் படிக்கிறப்ப இருந்து உங்க ரசிகை நான். அனாட்டமி புக்குக்குள்ள வச்சு மரகதம் மெஸ் படிப்பேன். முதல் புக்ல அந்த இன்ஸ்பெக்டர் சித்தநாதன், மெஸ்ஸுக்கு சீல் வச்சுட்டா தனக்கு மதியச் சாப்பாடு போயிடும்னு, செத்தவன் இலையில இருந்த சாம்பாரை எடுத்துத் தானே சாப்பிட்டுக் காட்டுவாரே. விஷம் இல்லைன்னு நிரூபிச்சுட்டு, இன்னொரு கரண்டி ஊத்துன்னு கேப்பாரே. நான் கட்டில்ல இருந்து விழுந்து சிரிச்சேன் சார். கொஞ்சம் அகலமாத் திறங்க." திறந்தேன். ட்ரில் சுற்ற ஆரம்பித்தது. எலும்பு வழியாகச் சத்தம் காதுக்கு உள்ளிருந்து வருகிறது, வெளியிலிருந்து வரவில்லை. "ஆனா இந்த ஒன்பதாவது, 'மோர் மட்டும் போதும்', கோவிச்சுக்காதீங்க சார், தலைப்பு மட்டும்தான் நல்லாருக்கு. கொலைகாரனே வந்து இன்ஸ்பெக்டர் கால்ல விழுந்து ஒப்புக்கிறான். அவனே வந்து ஒப்புக்கிட்டா போலீஸ் எதுக்கு? பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரர் போதுமே." ஜெசிந்தா சிரித்ததில் குழாய் ஆடிக் கன்னத்தின் உட்புறத்தைக் கவ்விக்கொண்டது. "சிரிக்காத ஜெசி, பிடி ஒழுங்கா." "நானும் படிச்சேன் டாக்டர். எனக்கு அந்த இன்சூரன்ஸ் ஏஜென்ட் செத்ததும் அழுகையே வந்திருச்சு. பாவம், எல்லாருக்கும் நல்லது பண்றவரு." "அதான் ப்ராப்ளம். மரகதம் மெஸ்ல ஒருத்தன் செத்தா நமக்கு ஒரு சந்தோஷம் வரணும். வேணும்டா உனக்குன்னு தோணணும். இந்த ஆள் மேல யாருக்குமே கோபம் இல்லையே சார். எழுதினவருக்கே இல்லையே."

எழுதினவருக்கே இல்லை. சரியாகச் சொல்லிவிட்டார். ஒரு வாரமாக ரத்தினசபாபதி சுற்றிச் சுற்றிச் சொன்னதும் இதுதான், ஆனால் அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. விறுவிறுப்பு குறைவு என்றார், வயசாயிடுச்சா என்றார், இடைவெளி விட்டதால் கை மறந்திருக்கும் என்றார். கை மறக்கவில்லை. பஸ் டிப்போவில் டைம் கீப்பராக இருந்த காலத்தில், வண்டி வராத நேரங்களில், பயணிகள் விட்டுப்போன நாவல்களைப் படித்துப் படித்துத் தானாக வந்த கை இது, மறக்காது. கோபம்தான் இல்லை. எப்போதும் இருந்ததில்லை. எட்டுப் புத்தகத்திலும் இருந்த கோபம் தெய்வானையுடையது. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை, கேட்கவும் இல்லை யாரும். என் மனைவி எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள், என் புத்தகம் ஒன்றைக்கூட முழுதாகப் படித்தவள் இல்லை. ஆனால் யார் சாகவேண்டும் என்று சொன்னவள் அவள்தான். காலையில் அவள் அரிவாள்மனையில் வாழைக்காய் நறுக்கிக்கொண்டிருப்பாள், நான் காபி டம்ளரோடு சமையலறை வாசலில் நிற்பேன். அட்டைக்குக் கேட்கிறார்கள் என்பேன். நிமிரக்கூட மாட்டாள். "அந்த ரேஷன் கடைக்காரனைப் போட்டுருங்க" என்பாள். "எதுக்கு?" "சர்க்கரையை நிறுத்துட்டு பேப்பர் கூம்பு எடையையும் சேத்துப் பிடிக்கிறான். கேட்டா, உங்க வீட்டுக்காரர் கதை எழுதுறாரே, சர்க்கரை வாங்கித் தின்னுதான் எழுதுறாரான்னு நக்கல் வேற." ரேஷன் கடைக்காரர் அடுத்த மாதம் மரகதம் மெஸ்ஸில் இரண்டாவது சோறு கேட்டுக் கை நீட்டியபடியே செத்தார். நிஜத்தில் அவர் நன்றாகத்தான் இருந்தார், தெய்வானை அவரைப் பார்த்துச் சிரித்து, வீட்டில் எல்லாரும் சௌக்கியமா என்று கேட்டுவிட்டுத்தான் வருவாள். வெளியில் அவள் யாரிடமும் ஒரு வார்த்தை உரக்கப் பேசியதில்லை. தண்ணீர் மோட்டாரைப் பூட்டி வைத்த வீட்டுக்காரர், ஜாக்கெட்டை இறுக்கித் தைத்துவிட்டு நீங்கதான் குண்டாயிட்டீங்க என்ற தையல்காரி, அழுகிய கத்தரிக்காயை அடியில் வைத்துக் கட்டுபவர். ஒவ்வொருவராகப் போட்டோம். மூன்றாவது புத்தகத்தில் என் சொந்த அண்ணியை. சொர்ணம் அண்ணி, ஏதோ ஒரு கல்யாணத்தில் தெய்வானையின் பட்டுப்புடவையைத் தடவிப் பார்த்து, இது கோ-ஆப்டெக்ஸ் தள்ளுபடியா என்று கேட்டுவிட்டாள். "அவங்களை லேடீஸ் ஹாஸ்டல் வார்டன் ஆக்கிடுங்க, அப்பத் தெரியாது" என்றாள் தெய்வானை. "எப்படிச் சாகணும்?" "மெதுவா" என்றாள். அந்த வார்டன் செத்த அத்தியாயத்தை நான் சொல்லச் சொல்ல அவள் சிரித்த சிரிப்பில் நறுக்குகிற கை நின்றுவிட்டது. அவளுக்குக் கை நின்றால் அத்தியாயம் தேறிவிட்டது என்று எனக்கு அர்த்தம். வேறு விமர்சகர் எனக்கு இல்லை.

ஒன்பதாவதை நான் தனியாக எழுதினேன். கோபத்துக்கு ஆள் தேடினேன், கிடைக்கவில்லை என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள், இந்த ஊரில் கோபத்துக்கு ஆளா இல்லை. மெனக்கெட்டு உறையூர் மார்க்கெட் வரைக்கும் நடந்தேன், யாராவது என்னை ஏமாற்ற மாட்டார்களா என்று. காய்காரம்மா, தனியா சமைக்கிறீங்களாமே என்று கொத்தமல்லியைச் சும்மா கொடுத்து அனுப்பினாள். பேங்கில் ஒரு பையன் வரிசையில் என்னை முந்தினான், சொல்லலாம் என்று வாயைத் திறப்பதற்குள், ஐயா நீங்க முன்னாடி போங்க என்றுவிட்டான். மனைவியை இழந்தவனிடம் ஊரே நல்லபடியாக நடந்துகொள்கிறது, கொலை எழுதுகிறவன் என்ன செய்வான். கடைசியில் இன்சூரன்ஸ் ஏஜென்ட் ஒருவரை எடுத்தேன். அவர் எனக்கு ஒன்றும் செய்தவர் இல்லை, அவள் இறந்த பிறகு வீடு தேடி வந்து பேப்பர் வேலையெல்லாம் முடித்துக் கொடுத்த மனிதர். கையில் அவர்தான் அகப்பட்டார். அவரைக் கொன்றுவிட்டு யார் கொன்றது என்று தேடினேன், யாருக்கும் காரணம் இல்லை. கடைசி அத்தியாயம் வரை காரணம் வரவில்லை. அதனால்தான் கொலைகாரனே வந்து காலில் விழுந்தான், வேறு வழி தெரியவில்லை. இன்ஸ்பெக்டர் சித்தநாதன் கூடப் பசியில்லை என்று மோர் மட்டும் கேட்டார். அதையே தலைப்பாக வைத்தேன். அச்சில் வந்த பிரதியை எடுத்துக்கொண்டு சமையலறை வாசல் வரைக்கும் போனேன், ஏன் போனேன் என்று தெரியவில்லை, அரிவாள்மனை சுவரில் சாய்ந்திருந்தது, ஃப்ரிட்ஜ் மட்டும் உறுமிக்கொண்டிருந்தது, திரும்பிவிட்டேன்.

"தண்ணி அடிக்கிறேன், விழுங்காதீங்க" என்கிறார் டாக்டர். குளிர்ந்த தண்ணீர் எங்கோ படுகிறது, எங்கே என்று தெரியவில்லை. விளக்கின் கண்ணாடியில் என் வாய் சின்னதாகத் தெரிகிறது, பார்க்காமல் கண்ணை மூடிக்கொண்டால் வெயில் தெரிகிறது, மொட்டை மாடி வெயில். வேட்டித் துணி விரித்து அதன்மேல் கூழ் வத்தல். மழைக்கு முன்னால் போட்டு முடிக்கவேண்டும் என்று தெய்வானைக்கு ஓர் அவசரம். ஒரு படி அரிசி ஊறவைத்து, அரைத்து, கிண்டி, நான் தூக்கி வருகிறேன் என்றாலும் கேட்காமல் சட்டியைத் தானே இடுப்பில் வைத்து மாடிப்படி ஏறினாள். நடுவில் ஒரு படியில் நின்றாள். என்ன என்றேன். ஒண்ணுமில்ல, வாயு என்றாள். இறங்கி வந்து ஓமத் தண்ணீர் குடித்தாள். டாக்டரிடம் போகலாமா என்று கேட்டேன், கேட்டேன்தானே, கேட்டேன். "வத்தல் காயட்டும், அப்புறம் பாக்கலாம்." வத்தல் காய நான்கைந்து நாள் ஆகும். காய்ந்தது. அன்று மத்தியானம் மாடியிலிருந்து இறங்கி வந்து சமையலறைத் தரையில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. ஆஸ்பத்திரியில் சின்ன வயது டாக்டர் ஒருவர், நாலஞ்சு நாளாவே வலி இருந்திருக்கணுமே, உங்ககிட்ட சொல்லலையா என்று கேட்டார். இல்லை என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பதினாறாம் நாள் விருந்துக்கு, வீட்டில் இருக்கிறதே என்று சமையல்காரர் அந்த வத்தலை எடுத்துப் பொரித்துவிட்டார். பந்தியில் எல்லாரும் இரண்டாந்தரம் கேட்டு வாங்கினார்கள். "வத்தல் பிரமாதம், என்னமா பூத்திருக்கு, எங்க வாங்கினது?" என்று என் பக்கத்தில் இருந்தவர் கேட்டார். வீட்டில் போட்டது என்றேன். "அப்ப அவங்க கைப்பக்குவமா! அடடா. இன்னும் ரெண்டு வைக்கச் சொல்லுங்க." வைக்கச் சொன்னேன். ரொம்பத் தைரியமாக இருக்கிறார் என்று என்னைப் பற்றிப் பேசிக்கொண்டார்கள். கை கழுவுகிற இடத்தில் சொர்ணம் அண்ணி என்னைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "தம்பி, எங்கிட்ட போன்ல சொன்னா தம்பி. நெஞ்சை அப்படியே பிசையுதுக்கா, ராத்திரி படுக்கவே முடியலன்னு. போய்க் காட்டுடின்னு தலையால அடிச்சுக்கிட்டேன். அவர்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்கக்கான்னு சத்தியம் வாங்கிட்டா." சரி அண்ணி, அழாதீங்க என்றேன். அவள் கையில் சோப்பு நுரை இருந்தது, என் சட்டைத் தோளில் ஒட்டிக்கொண்டது, துடைத்துக்கொண்டேன். அவ்வளவுதான். சரி அண்ணி என்று சொன்னதோடு அந்த விஷயத்தை எங்கோ வைத்துவிட்டேன், எங்கே வைத்தேன் என்று இப்போது

வலி. ஊசி போட்ட மரப்புக்கு அடியிலிருந்து, கம்பியைக் காய்ச்சி இழுத்ததுபோல் காது வரைக்கும் ஒரு வலி. கால் விரல்கள் செருப்புக்குள் மடங்கிக்கொண்டன. கையைத் தூக்க வேண்டும். கை நாற்காலியின் பிடியில் இருக்கிறது, தூக்கலாம், தூக்கவில்லை. இன்னும் கொஞ்சம்தானே, டாக்டர் வேலையில் இருக்கிறார், நடுவில் நிறுத்துவானேன், பொறுத்துக்கொண்டால் முடிந்துவிடும். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து காதுக்குள் இறங்குகிறது. ட்ரில் நின்றது. "என்ன சார் இது? வலிக்குதா?" என்று டாக்டர் மாஸ்க்கைக் கீழே இழுத்தார். அவருடைய முழு முகத்தை இப்போதுதான் பார்க்கிறேன், நினைத்ததைவிடச் சின்ன வயது. கோபத்தில் மூக்கு நுனி சிவந்திருக்கிறது. "வலிச்சா கையைத் தூக்குங்கன்னு சொன்னேனா இல்லையா? எத்தனை நேரமா வலிக்குது? நீங்க பாட்டுக்கு வாயைத் திறந்துக்கிட்டு மகான் மாதிரி படுத்திருந்தா எனக்கு எப்படித் தெரியும்? நான் என்ன உள்ள பூந்து பாக்க முடியுமா? நரம்புல பட்டிருந்தா யார் பொறுப்பு? பெரிய தியாகம் பண்றதா நினைப்பு. எதிர்ல இருக்கறவங்களை முட்டாளாக்குற வேலை சார் இது!" ஜெசிந்தா, "டாக்டர், விடுங்க டாக்டர்" என்கிறாள். "நீ சும்மா இரு ஜெசி. எங்க அப்பாவும் இப்படித்தான். இன்னொரு ஊசி எடு."

எதிரில் இருக்கிறவர்களை முட்டாளாக்குகிற வேலை. நான் உள்ளே புகுந்து பார்க்க முடியுமா? இன்னொரு ஊசி இறங்குகிறது, இறங்கட்டும். நான் உள்ளே புகுந்து பார்க்க முடியுமா, தெய்வானை? நீ வாயு என்றாய், நான் வாயு என்று நம்பினேன். பக்கத்துக் கட்டிலில் படுத்து நான் குறட்டை விட்டிருப்பேன், நீ விட்டத்தைப் பார்த்துக்கொண்டு பிசைகிற நெஞ்சைப் பிடித்திருப்பாய், காலையில் எழுந்து எனக்குக் காபி போட்டுக் கொடுத்திருப்பாய், சர்க்கரை போதுமா என்று வேறு கேட்டாய், கேட்டாயே. ஊரில் எல்லாரிடமும் சிரித்துவிட்டு என்னிடம் வந்து கொட்டுவாய், அந்த ஒரு விஷயத்தில்தான் நான் உனக்குப் புருஷன் என்று நினைத்திருந்தேன். இதை என்னிடம் கொட்டவில்லை. யாரிடம் சொன்னாய்? சொர்ணம் அண்ணியிடம். தள்ளுபடியா என்று கேட்டவளிடம். மெதுவாகச் சாகவேண்டும் என்று நீயே சொல்லி, நான் உட்கார்ந்து ஓர் அத்தியாயம் முழுக்க மெதுவாகச் சாகடித்தவளிடம், அக்கா என்று கூப்பிட்டுச் சத்தியம் வாங்கியிருக்கிறாய். என்னிடம் சிரித்தாய். ரேஷன் கடைக்காரரிடம் சிரிப்பாயே, அந்தச் சிரிப்பு. நான் என்ன, அழுகல் கத்தரிக்காய் விற்றேனா? மோட்டாரைப் பூட்டினேனா? தாடை மறுபடி மரத்துப்போகிறது, ஆனால் நெஞ்சில் ஏதோ அடித்துக்கொள்கிறது, உடம்பெல்லாம் சூடு, காது மடல் கொதிக்கிறது. இது என்னவென்று எனக்குக் கொஞ்ச நேரம் பிடிபடவில்லை, ரத்த அழுத்தம் என்றுகூட நினைத்தேன். வத்தலாம். வத்தல் காயட்டுமாம். பொரித்துத் தின்றோம் அதை, நான்கூடத் தின்றேன், நன்றாகத்தான் இருந்தது, உப்பு சரியாக இருந்தது, அவ்வளவு வலியிலும் உப்பைச் சரியாகப் போட்டிருக்கிறாய். மனுஷியா நீ? "சார், மூக்கால மூச்சு விடுங்க" என்கிறார் டாக்டர், இப்போது குரல் தணிந்திருக்கிறது. "கொஞ்சம் கத்திட்டேன். மனசுல வச்சுக்காதீங்க." வைத்துக்கொள்ளத்தான் வேண்டும் டாக்டர், என்று சொல்ல முடிந்தால் சொல்லியிருப்பேன்.

போன் அடித்தபோது வாய் நிறையப் பஞ்சு. கடித்துக்கொண்டே இருக்கச் சொல்லிவிட்டு டாக்டர் கை கழுவப் போயிருந்தார். நாற்காலி நிமிர்ந்துவிட்டது. எடுக்கச் சொல்லி ஜெசிந்தாவுக்குச் சாடை காட்டினேன், அவள் ஸ்பீக்கரில் போட்டு என் முகத்துக்கு முன்னால் நீட்டினாள். "வைத்தியலிங்கம், இன்னிக்கும் பாக்கலாம்னு சொன்னீங்கன்னா நான் அந்தப் பையனுக்கு போன் போட்டுருவேன். ஆம்பளையா, பொம்பளையா?" நான் சொன்னேன். வாயிலிருந்து வந்தது வார்த்தை மாதிரியே இல்லை. "என்னது? தண்ணி போட்டிருக்கீங்களா, காலங்காத்தால?" ஜெசிந்தா போனைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். "ஐயா, இது பல் ஆஸ்பத்திரி. அவருக்கு வாய் மரத்திருக்கு. என்கிட்ட சொல்லுங்க, நான் கேட்டுச் சொல்றேன்." "யாரும்மா நீ? சரி, செத்தது யாருன்னு கேளு." நான் மெல்லச் சொல்ல, ஜெசிந்தா என் வாயையே பார்த்து ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தாள். "பொம்பளையாம் ஐயா... அம்பத்தாறு வயசாம்... மெஸ்ஸு மொட்டை மாடியில, வத்தலுக்கு நடுவுலயாம்." "வத்தலா? நல்லாருக்கே! கலர் எடுக்கும். எல்லாருக்கும் பிடிக்காதவளா? ஒன்பதாவது மாதிரி நல்லவளாப் போட்டுறப் போறாரு. கேளு." ஜெசிந்தா என்னைப் பார்த்தாள். நான் சொன்னதைக் கேட்டு அவள் குரல் கொஞ்சம் இறங்கியது. "கோபம் இருக்காம் ஐயா. நிறைய இருக்காம்." "அப்படிச் சொல்லு! கதை கிடைச்சாச்சு. எப்படிக் கிடக்கா? கண்ணு பிதுங்கி, வாய் கோணி, கை நெஞ்சுல, அப்படிப் போடச் சொல்லவா?" இல்லை என்று தலையை ஆட்டினேன். பஞ்சை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டேன், ரத்தம் லேசாக இருந்தது. ஒவ்வொரு வார்த்தையாக, அவளுக்குப் புரிகிற வரைக்கும் இரண்டு தரம் சொன்னேன். "கிடக்கலையாம் ஐயா. உக்காந்து வத்தலைத் திருப்பிப் போட்டுக்கிட்டிருக்காளாம். சிரிச்ச முகமாம். முகத்துல வலி ஒரு பொட்டுகூடத் தெரியக் கூடாதாம், ஆர்ட்டிஸ்ட்கிட்ட கண்டிப்பாச் சொல்லச் சொல்றாரு." "என்னம்மா இது, அட்டையில பிணம் சிரிச்சுக்கிட்டு வேலை பாத்தா பாக்கறவனுக்கு அவ சாகப்போறான்னு எப்படித் தெரியும்? கேளு அவரை."

ஜெசிந்தா கேட்டாள். நான் சொன்னேன்.

"தெரியாதாம் ஐயா."